கராச்சியும் பம்பாயும்: ஆகாய வழித் தூரமும் பிரயாண நேரமும்

ஓர் ஊருக்கும் மற்றோர் ஊருக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று கேட்டால், நம் முன்னோர் பெரும்பாலும் காலத்தைக் கொண்டே விடை கூறினர். கூப்பிடு தூரம் என்றனர். நாழிகை வழி என்றனர். ஒரு பகல் நடை என்றனர். காதக் கணக்கும் வழக்கில் இருந்ததாயினும், நடந்து செல்பவனுக்கு வேண்டியது பொழுது சாயுமுன் போய்ச் சேரலாமா என்பதே. மைலும் கிலோமீற்றரும் வந்தபின் தூரம் நிலத்துக்கு உரியதாயிற்று. நேரம் வாகனத்துக்கு உரியதாயிற்று. ஆயினும் இவ்விரண்டையும் தவிர மூன்றாவதாக ஒன்று பிரயாணத்தை நீட்டவும் குறுக்கவும் வல்லது. அதுவே அரசுகளின் நல்லுறவும் பகையும். அது எவ்வாறு தொழிற்படும் என்பதை அறிய விரும்புவோர் கராச்சி, பம்பாய் என்னும் இரு துறைமுக நகரங்களின் ஆகாய வழி வரலாற்றை நோக்குதல் போதும்.

பூகோள உருண்டை ஒன்றை எடுத்து, கராச்சியில் ஒரு நூலின் நுனியை வைத்துப் பம்பாய் வரை இழுத்துப் பிடித்தால், அந்நூல் செல்லும் பாதையே மிகக் குறுகிய வழி. அதன் நீளம் ஏறத்தாழ 550 மைல்; அதாவது 880 கிலோமீற்றர். பாதையின் பெரும் பகுதி அராபிக் கடலின் மேலும் கத்தியவார்க் குடாநாட்டின் மேலும் செல்கின்றது. இக்காலத்து ஜெட் விமானம் ஒன்று மேலேறிக் கீழிறங்கும் நேரத்தையும் சேர்த்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் இத்தூரத்தைக் கடந்துவிடும்.

இவ்விரு நகரங்களும் நெடுங்காலம் ஒரே நிருவாகத்தின் கீழ் இருந்தவை. சிந்து நாட்டை 1843 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கைப்பற்றினர். 1847 ஆம் ஆண்டில் அது பம்பாய் மாகாணத்துடன் இணைக்கப்பட்டது. அன்று தொட்டு 1936 ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாந் தேதி வரை, ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள், கராச்சி மக்களுக்குத் தலைநகரம் பம்பாயாகவே இருந்தது. வழக்காடுவோரும் வணிகரும் உயர்கல்வி நாடிய மாணவரும் பம்பாய்க்கே சென்றனர். 1876 ஆம் ஆண்டு கராச்சியிற் பிறந்து, பம்பாயில் வழக்கறிஞராகப் புகழீட்டி, அந்நகரின் மலபார் குன்றிலே மாளிகை எழுப்பிய முகம்மது அலி ஜின்னாவின் வாழ்க்கையே இதற்குச் சான்றாகும்.

அக்காலப் பிரயாணிகளுக்கு இரு வழிகள் இருந்தன. ஒன்று கடல் வழி. மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கடல் மைல் வேகத்திற் செல்லும் நீராவிக் கப்பல் கரையோரமாக இத்தூரத்தைக் கடக்க இரண்டு நாட்கள் வரை வேண்டும். மற்றையது புகையிரத வழி. அது குஜராத்தின் வழியே வடக்கு நோக்கிச் சென்று, இராஜபுதனத்துப் பாலைவனத்தைக் கடந்து, சிந்து நாட்டின் ஐதராபாத்தை அடைந்து, அங்கிருந்து கராச்சிக்குத் திரும்புவது. பம்பாயிலிருந்து அகமதாபாத் வரை அகன்ற பாதை. அதன்பின் ஐதராபாத் வரை குறுகிய பாதை. பின்னர் மீண்டும் அகன்ற பாதை. ஆகவே மூட்டை முடிச்சுக்களுடன் இருமுறை வண்டி மாற வேண்டியிருந்தது. தபால் மூட்டைகளுக்கும் அதே கதிதான்.

1929 ஆம் ஆண்டு வரை இத்தாமதத்தை எவரும் பெரிதாகக் கொள்ளவில்லை. அவ்வாண்டு மார்ச்சு மாதம் 30 ஆந் தேதி இம்பீரியல் ஏர்வேஸ் கம்பெனியார் இலண்டனுக்கும் கராச்சிக்கும் இடையே ஆகாயத் தபாற் சேவையைத் தொடங்கினர். குறொய்டனிற் புறப்பட்ட கடிதங்கள் விமானத்தில் சுவிற்சர்லாந்துக்கும், அங்கிருந்து புகையிரதத்தில் இத்தாலிக்கும், கடல் விமானத்தில் அலெக்சாந்திரியாவுக்கும், பின்னர் மூன்று இயந்திரங்கள் பூட்டிய விமானத்திற் பாரசீகக் குடாவின் வழியே கராச்சிக்கும் வந்து சேர்ந்தன. ஏறத்தாழ 5,000 மைல் தூரம்; ஏழு நாட்கள்.

இதனால் கராச்சி இந்தியாவின் ஆகாய வாயில் ஆயிற்று. நகரத்தை அடுத்த டிரிக் றோட் என்னுமிடத்தில், வானக் கப்பல்களை நிறுத்துவதற்கென மலைபோன்றதொரு கொட்டகையும் எழுப்பப்பட்டிருந்தது. அங்கு வந்து சேரவேண்டிய ஆர் 101 என்னும் வானக் கப்பல் 1930 ஆம் ஆண்டு ஒக்டோபர் 5 ஆந் தேதி பிரான்சு தேசத்தில் விழுந்து எரிந்தது. அதன்பின் பிரித்தானியா வானக் கப்பல் முயற்சியையே கைவிட்டது. அக்கொட்டகை ஒரு வானக் கப்பலையேனும் காணாமலே பல ஆண்டுகள் நின்று, பின்னர் இடிக்கப்பட்டது.

இலண்டன் கடிதம் ஏழே நாளிற் கராச்சிக்கு வந்துவிடுகின்றது. ஆனால் அதே கடிதம் பம்பாய்க்கோ சென்னைக்கோ போகவேண்டுமாயின் மறுபடியும் புகையிரதம் ஏறவேண்டும். ஆகாயத்தில் மிச்சம் பிடித்த நாட்கள் தண்டவாளத்திலே செலவழிந்தன. இக்குறையை முதலிற் கண்டு அதனைத் தீர்க்க முனைந்தவர் நெவில் வின்சென்ட் என்னும் விமானி. முன்னாளில் அரச விமானப் படையிற் பணியாற்றிய இவர், கராச்சியிலிருந்து பம்பாய் வழியே தென்னகத்துக்குச் சிறு விமானத்தில் தபாலைக் கொண்டுசெல்லும் திட்டத்தை வகுத்து, துணைவர் ஒருவரைத் தேடினார். அவருக்கு வாய்த்த துணைவர் ஜே. ஆர். டி. டாட்டா. 1929 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் இந்தியாவில் வழங்கப்பட்ட முதலாவது விமானி அனுமதிப் பத்திரத்தைப் பெற்றவர் அவரே.

டாட்டா நிறுவனத்தின் தலைவராயிருந்த முதியவர் சேர் தோராப்ஜி இத்தொழிலில் அதிக ஆர்வம் காட்டவில்லை. நிறுவனத்தின் பணிப்பாளருள் ஒருவரான ஜோன் பீற்றர்சன் எடுத்துரைத்த பின்னரே இரண்டு இலட்சம் ரூபா முதலீட்டுக்கு அவர் இசைந்தார். அரசாங்கம் மானியமாக ஒரு சதமும் கொடுக்கவில்லை. சுமக்கும் தபாலுக்கே கூலி என்பது ஒப்பந்தம். 1932 ஏப்ரலில் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. ஜூன் மாதத்தில் சேர் தோராப்ஜி காலமானார். தாம் இசைவளித்த விமானம் பறப்பதைக் காண அவருக்கு வாய்க்கவில்லை.

1932 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 15 ஆந் தேதி காலை ஆறரை மணிக்குச் சற்றுப் பின், இருபத்தெட்டு வயதினரான டாட்டா ஒற்றை இயந்திரம் பூட்டிய 'புஸ் மொத்' விமானத்தில் டிரிக் றோட்டிலிருந்து தனியே புறப்பட்டார். விமானத்தின் சிறகுகள் மரச் சட்டத்தில் துணி போர்த்தியவை. வேகம் மணிக்கு நூறு மைல். சுமை ஏறத்தாழ 55 இறாத்தல் தபால். வானொலிக் கருவி கிடையாது. வழி காட்டும் ஒளிவிளக்குக் கிடையாது. கையிலே படமும் கண்முன்னே திசையறி கருவியுமே துணை. நேர் வழியாகக் கடலைக் கடக்காது, அவர் கிழக்கே 370 மைல் பறந்து அகமதாபாத்தில் இறங்கினார். அங்கே பெற்றோல் தகரங்கள் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தன. எண்ணெய் நிரப்பிக்கொண்டு தெற்கே 270 மைல் பறந்து, பிற்பகல் இரண்டு மணிக்குச் சற்று முன் பம்பாயின் ஜுஹூ மைதானத்தில் இறங்கினார். நேர்த் தூரம் 550 மைல். அவர் பறந்த தூரம் ஏறத்தாழ 640 மைல். சென்ற நேரம் ஏழு மணிக்குச் சற்று மேல். இரண்டு நாட் பிரயாணம் ஒரு பகலுக்குள் அடங்கிவிட்டது.

ஜுஹூவிலே தபால் வேறொரு புஸ் மொத் விமானத்துக்கு மாற்றப்பட்டது. அதனை வின்சென்ட் ஓட்டிச் சென்று, பெல்லாரியில் இரவு தங்கி, மறுநாள் சென்னையை அடைந்தார். கராச்சியிலிருந்து சென்னை வரை ஏறத்தாழ 1,300 மைல். முன்னர் பல நாட்கள் எடுத்த இவ்வழியைக் கடிதங்கள் இரண்டாம் நாளிலேயே கடந்தன.

வெற்றி என்று சொல்வதற்கு ஒரு நாட் பறப்புப் போதாது. வாரந்தோறும் குறித்த நேரத்திற் பறக்கவேண்டும். அதிலுள்ள இடர்ப்பாட்டைச் சிறு கணக்கொன்றினால் உணரலாம். மணிக்கு நூறு மைல் செல்லும் விமானம், காற்று அசையாதிருக்கும்போது 550 மைலை ஐந்தரை மணி நேரத்திற் கடக்கும். இருபத்தைந்து மைல் வேகத்தில் எதிர்க்காற்று வீசினால் நிலத்தின்மேல் அதன் வேகம் எழுபத்தைந்து மைலாகக் குறையும். அப்போது ஏழு மணியும் இருபது நிமிடமும் செல்லும். அதே காற்றுப் பின்னிருந்து தள்ளினால் நான்கு மணி இருபத்துநான்கு நிமிடம் போதும். எதிர்க்காற்றுப் பறிக்கும் நேரம் பின்காற்றுத் தரும் நேரத்தினும் மிகுதி. ஐந்நூறு மைல் வேகத்திற் செல்லும் இன்றைய விமானத்துக்கு அத்தகைய காற்றால் ஏற்படும் வேறுபாடு சில நிமிடங்களே. அன்றோ அதுவே இருட்டுமுன் இறங்குவதற்கும் இறங்காமைக்கும் உள்ள வேறுபாடாயிருந்தது.

மழைக் காலத்தில் ஜுஹூ மைதானம் நீரில் ஆழ்ந்துவிடும். அம்மாதங்களில் விமானங்களும் தபாலும் பூனாவுக்கு மாற்றப்பட்டன. இத்தனைக்கும் இடையில் முதலாம் ஆண்டில் அவ்விமானங்கள் 1,60,000 மைல் பறந்து, 155 பிரயாணிகளையும் ஏறத்தாழ பத்து தொன் தபாலையும் கொண்டுசென்றன. கடிகாரம் பார்த்து நடத்தியதுபோற் சேவை அமைந்தது. இச்சேவையே 1938 ஆம் ஆண்டு பெப்ரவரியில் இலங்கைக்கும் நீண்டது. கொழும்பின் இரத்மலானை நிலையத்தில் 1935 ஆம் ஆண்டு நவம்பர் 27 ஆந் தேதி முதன் முதலாக வந்திறங்கிய விமானமும், சென்னை விமானக் கழகத்தின் ஆசிரியர் ஓட்டிவந்த ஒரு புஸ் மொத்தே. 1938 முதல் கராச்சியில் இறங்கிய இங்கிலாந்துத் தபால் பம்பாய், சென்னை, திருச்சிராப்பள்ளி வழியாகக் கொழும்பு வந்து சேர்ந்தது. இலங்கை வாசிகள் பலர் கையிற் பெற்ற ஆகாயத் தபாற் கடிதங்கள் கராச்சி மண்ணை மிதித்து வந்தவையே.

1947 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இவ்வழியின் இரு முனைகளும் இரு நாடுகளாயின. 1948 ஜனவரியில் கராச்சியில் மூண்ட கலவரத்தின்பின் சிந்து நாட்டு இந்துக்கள் பெருந்தொகையாக வெளியேறினர். கப்பல் கப்பலாக அவர்கள் பம்பாய்த் துறைமுகத்தில் வந்து இறங்கினர். பம்பாயை அடுத்த கல்யாண் இராணுவ முகாமில் தங்கவைக்கப்பட்டோரின் குடியிருப்பே பின்னர் உல்லாஸ் நகர் என்னும் ஊராயிற்று. அவ்வாறே பம்பாயிலிருந்தும் குஜராத்திலிருந்தும் முஸ்லிம் குடும்பங்கள் பல கராச்சிக்குச் சென்றன. இதனால், பிரிவினைக்குமுன் வணிகத்தால் இணைந்திருந்த இரு நகரங்கள் பிரிவினைக்குப்பின் உறவினராலும் இணைந்தன. கராச்சியிலே பிறந்த வீடு, பம்பாயிலே புகுந்த வீடு என்றாயினர் பலர். தேவை பெருகிய அக்காலத்திலேதான் தடைகளும் பெருகின. 1948 ஆம் ஆண்டில் அனுமதிச் சீட்டு முறை வந்தது; 1952 ஆம் ஆண்டில் கடவுச் சீட்டு வந்தது. எனினும் விமானங்கள் பறந்தன; புகையிரதமும் ஓடிற்று.

1965 செப்டெம்பர் யுத்தம் இரண்டையும் நிறுத்தியது. பாலைவனத்துப் புகையிரதப் பாதை துண்டிக்கப்பட்டது. அது மீண்டும் இணைய நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 2006 ஆம் ஆண்டு பெப்ரவரியில் 'தார்' கடுகதிப் புகையிரதம் அப்பாதையில் ஓடத் தொடங்கி, 2019 ஆகஸ்டில் மறுபடியும் நின்றது. ஆகாய வழி மட்டும் 1966 ஆம் ஆண்டில், தாஷ்கண்டு உடன்படிக்கையின் பின், விரைவாகத் திறந்தது.

அடுத்த தடையிலே இலங்கையும் சம்பந்தப்பட்டது. 1971 ஆம் ஆண்டு ஜனவரி 30 ஆந் தேதி 'கங்கா' என்னும் இந்திய விமானம் கடத்தப்பட்டு லாகூருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பின்னர் அங்கே எரிக்கப்பட்டது. உடனே பாகிஸ்தான் விமானங்கள் தன் ஆகாயத்திற் பறத்தலாகாதென இந்தியா தடை விதித்தது. அன்று பாகிஸ்தான் மேற்கு, கிழக்கு என இரு கூறாயிருந்த நாடு. கராச்சியிலிருந்து டாக்காவுக்கு நேர்த் தூரம் ஏறத்தாழ 1,470 மைல். தடையின்பின் விமானங்கள் தெற்கே இறங்கிக் கொழும்பில் எண்ணெய் நிரப்பி, வங்காள விரிகுடாவைக் கடந்து டாக்காவை அடையவேண்டியதாயிற்று. தூரம் ஏறத்தாழ இரு மடங்காயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் டாக்கா வேறொரு நாட்டின் தலைநகரமாயிற்று. இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையிலான விமானச் சேவை 1976 ஆம் ஆண்டு வரை திறக்கவில்லை.

திறந்த பின் வந்த ஆண்டுகளில் ஓர் அரிய பறப்பு நிகழ்ந்தது. முதற் பறப்பின் பொன்விழா நாளாகிய 1982 ஒக்டோபர் 15 ஆந் தேதி, எழுபத்தெட்டு வயதினரான டாட்டா, புஸ் மொத்தின் இனத்தைச் சேர்ந்த 'லெப்பேட் மொத்' என்னும் பழைய விமானத்தில் மீண்டும் தனியே கராச்சியிலிருந்து பம்பாய்க்குப் பறந்தார். அவரோடு தொழிலைத் தொடங்கிய வின்சென்ட் 1942 ஆம் ஆண்டிலேயே, யுத்த கால விமானப் பிரயாணம் ஒன்றில் உயிர் துறந்திருந்தார். ஐம்பது ஆண்டுகளுக்குமுன் ஒரே அரசின் இரு துறைமுகங்களுக்கு இடையே பறந்தவர், இம்முறை எல்லையொன்றைக் கடந்து பறந்தார். காற்றும் கடலும் பழையவையே.

அதன்பின் வழி மூடுவதும் திறப்பதுமாக இருந்தது. 1994 ஆம் ஆண்டில் கராச்சியிலிருந்த இந்தியத் துணைத் தூதரகம் மூடப்பட்டது. பம்பாய்க்குப் போக விரும்பும் கராச்சி வாசியின் விண்ணப்பம் வடக்கே ஏறத்தாழ 700 மைல் தூரத்திலுள்ள இஸ்லாமாபாத்துக்குச் செல்லவேண்டியதாயிற்று. பிரயாணி செல்லும் தூரத்தினும் அவர் விண்ணப்பம் செல்லும் தூரம் மிகுந்துவிட்டது. 2002 ஜனவரி முதலாந் தேதி விமானச் சேவை மீண்டும் நின்று, 2004 ஜனவரி முதலாந் தேதி திறந்தது. 2017 ஆம் ஆண்டில் கராச்சிக்கும் பம்பாய்க்கும் இடையிலான நேர்ச் சேவை நிறுத்தப்பட்டது. 2019 பெப்ரவரி 27 முதல் ஜூலை 16 வரை பாகிஸ்தான் தன் கிழக்கு ஆகாய வழிகளை மூடியது. 2025 ஏப்ரலில் இரு நாடுகளும் ஒன்றன் விமானங்களுக்கு மற்றொன்று ஆகாயத்தை அடைத்தன.

நேர்ச் சேவை நின்றபின் கராச்சிப் பிரயாணிகள் பலர் துபாய் வழியே பம்பாய் செல்லலாயினர். பம்பாய் தென்கிழக்கில் இருக்க, முதலில் மேற்கே 740 மைல் பறந்து துபாயில் இறங்கவேண்டும். பின்னர் கிழக்கே 1,200 மைல் பறந்து பம்பாயை அடையவேண்டும். மொத்தம் ஏறத்தாழ 1,940 மைல். நேர் வழியைப்போல் மூன்றரை மடங்கு. ஆகாயத்திற் கழியும் நேரம் மட்டும் ஐந்து மணி. இடையில் விமானம் மாறக் காத்திருப்பது இரண்டு மணியேனும் ஆகும். இரண்டையும் கூட்டினால் ஏழு மணி வருகின்றது. மரமும் துணியுமான சிறகுடன், மாட்டு வண்டியில் வந்த எண்ணெயை ஊற்றிக்கொண்டு டாட்டா 1932 ஆம் ஆண்டில் எடுத்த நேரமும் ஏறத்தாழ ஏழு மணியே. விமானத்தின் வேகம் ஐந்து மடங்கு பெருகிய பின்னும் பிரயாணம் குறுகவில்லை.

இத்தகைய அநுபவம் கராச்சிக்கும் பம்பாய்க்கும் மட்டும் உரியதன்று. யாழ்ப்பாணத்து மக்களும் இதனை நன்கு அறிவர். 1947 ஆம் ஆண்டு டிசம்பர் 10 ஆந் தேதி தொடங்கிய எயர் சிலோன் சேவையின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை நிலையத்தில் இறங்கியே சென்னைக்குச் சென்றது. பலாலியிலிருந்து சென்னை ஏறத்தாழ 220 மைல். போர்க் காலத்தில் அவ்வழி அடைபட்டபோது, யாழ்ப்பாணத்தவர் சென்னைக்குச் செல்வதற்குத் தெற்கே 250 மைல் கொழும்புக்கு இறங்கி, அங்கிருந்து 400 மைல் வடக்கே பறக்கவேண்டியதாயிற்று. 2019 நவம்பரில் பலாலியிலிருந்து சென்னைச் சேவை மறுபடியும் தொடங்கியது; தொற்றுநோயால் இடையில் நின்று, 2022 டிசம்பரில் தொடர்ந்தது. மருத்துவத்துக்கும் மணவினைக்கும் ஈமக் கடனுக்கும் செல்லும் ஒருவருக்கு அந்த நானூற்று முப்பது மைல் மிச்சம் எத்தகையது என்பதை விரிக்க வேண்டியதில்லை.

பூகோளத்தின்மேல் இழுத்த நூலின் நீளம் 1932 ஆம் ஆண்டிலும் அதுவே, இன்றும் அதுவே. அதனைக் கடக்கும் நேரத்தை இரண்டு நாட்களிலிருந்து ஏழு மணிக்கும், ஏழு மணியிலிருந்து ஒன்றரை மணிக்கும் குறைத்தவர்கள் பொறியியலாளரும் விமானிகளும் ஆவர். அவர்கள் குறைத்த நேரத்தைப் பொதுமக்கள் பெறுவதும் இழப்பதும் அரசுகளின் கையில் இருக்கின்றது. அந்தச் சின்னஞ்சிறு விமானம் சுமந்து வந்த 55 இறாத்தல் தபாலில், கராச்சியில் ஒருவர் எழுதிய கடிதத்தைப் பம்பாயில் மற்றொருவர் அன்று மாலையே படித்தறிய வேண்டும் என்பதே அச்சேவையின் நோக்கமாயிருந்தது. அந்நோக்கத்தின் தேவை இரு நகரங்களிலும் இன்னும் தீரவில்லை.